ஹெல்மெட்டுக்குள் செருகின போன், 'கையில் பிடித்த' போன் ஆகுமா?

அரைப்பெடல் (கோயம்புத்தூர்) கேட்டது:

நேற்று காலை அவினாசி சாலையில் ஒரு சிக்னலைத் தாண்டியதும் ஓரங்கட்டச் சொன்னார்கள். ஹெல்மெட் போட்டிருக்கிறேன், ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் இருக்கிறது, அப்புறம் என்ன என்று நான் பையைத் திறப்பதற்குள் எஸ்.ஐ. என் காதைக் காட்டி, "முதல்ல அதை எடுங்க" என்றார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. வலது காதுக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில் போன் அப்படியே இருக்கிறது, லைனில் என் தங்கை "அண்ணா, கேக்குதா, கேக்குதா" என்று கத்திக்கொண்டிருக்கிறாள். கையிலிருந்த மெஷினில் தட்டி 1000 ரூபாய்க்குச் சலான் போட்டுவிட்டார், லைசென்ஸ் நம்பரையும் ஏற்றிக்கொண்டார்.

நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு சந்தேகம். குற்றம் என்று போட்டிருப்பது 'ஹேண்ட்ஹெல்டு' கருவியைப் பயன்படுத்தியது. என் இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருந்தது, அதை அவரே பார்த்தார். கையிலேயே பிடிக்காத போன் எப்படிக் கையில் பிடித்த போன் ஆகும்? பக்கத்தில் கார்க்காரர் ஒருத்தர் ப்ளூடூத்தில் ஆபீஸ் மீட்டிங்கையே நடத்திக்கொண்டு போகிறார், அவரை யாரும் கேட்பதில்லை. 1000 ரூபாய் போனால் போகிறது, அடுத்த தடவை 10,000 என்று சொல்லி அனுப்பினார், அதுதான் வயிற்றைக் கலக்குகிறது. கட்டிவிடுவதா, கோர்ட்டில் சொல்லிப் பார்ப்பதா? சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "ஒழுங்கா வண்டி ஓட்டு" என்று மட்டும் எழுத வருகிறவர்கள் வரிசையில் நிற்கவும், என் மனைவி ஏற்கெனவே முதல் ஆளாக நிற்கிறாள்.

கருப்புக்கோட்டு:

கேள்வி நல்ல கேள்விங்க, ஆனால் ஜெயிக்கிற கேள்வி இல்லை.

மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆவது பிரிவு, ஆபத்தாக வண்டி ஓட்டுவது பற்றியது. 2019 திருத்தத்தில் அதற்கு அடியில் ஒரு பட்டியல் சேர்த்தார்கள்: சிவப்பு விளக்கைத் தாண்டுவது, எதிர்த்திசையில் ஓட்டுவது, இந்த மாதிரி. அதில் ஒன்றுதான் உங்களுடையது. அங்கே 'ஹேண்ட்ஹெல்டு' என்பது எந்த மாதிரிக் கருவி என்பதைச் சொல்கிறது, உங்கள் கை அப்போது எங்கே இருந்தது என்பதை இல்லை. நாம் கையடக்கக் கருவி என்கிறோமே, அது. கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டால் அது கைக்குட்டை இல்லை என்று ஆகிவிடுமா? குற்றம் பிடிப்பது இல்லை, பயன்படுத்துவது. தங்கையிடம் பேசிக்கொண்டிருந்தீர்கள், முடிந்தது.

கார்க்காரரின் ப்ளூடூத் விஷயத்தில் வாதாட இடம் இருக்கிறது, ஏனென்றால் இயர்போன், ப்ளூடூத் என்று அந்தப் பிரிவில் ஒரு வார்த்தையும் கிடையாது. ஆனால் அந்தப் பட்டியலின் கடைசி வரியைப் படித்துப் பாருங்கள், கவனமான திறமையான ஓட்டுநரிடம் எதிர்பார்ப்பதைவிட மிகவும் கீழான விதத்தில் ஓட்டினால் அதுவும் குற்றம், அது ஆபத்து என்பது அப்படிப்பட்ட ஓட்டுநருக்குப் பார்த்ததுமே தெரிகிற மாதிரி இருந்தால் போதும். மீட்டிங் நடத்திக்கொண்டே அவர் யார் மீதாவது இடித்தால் அந்த வரி அவரைப் பிடிக்கும்.

இன்னொன்று. இந்நேரம் யாராவது உங்களுக்கு வாட்ஸ்அப்பில் "வண்டி ஓட்டும்போது போன் பேசுவது குற்றமல்ல, ஹைகோர்ட் தீர்ப்பு" என்று அனுப்பியிருப்பார்கள். அது 2018-இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. கேரள போலீஸ் சட்டத்தின் 118(இ) பிரிவில் போட்ட வழக்கு அது. பொதுமக்களுக்கு ஆபத்து விளைவித்தால்தான் அந்தப் பிரிவு பொருந்தும், வெறுமனே பேசினதற்குப் பொருந்தாது என்றார்கள். சட்டமும் வேறு, வருடமும் திருத்தத்துக்கு முந்தினது. இப்போது 184-இல் பட்டியலில் உள்ளதைச் செய்தாலே அது ஆபத்தாக ஓட்டியதுதான் என்று எழுதியே வைத்துவிட்டார்கள், ஆபத்தைத் தனியாக நிரூபிக்க வேண்டிய வேலை இல்லை.

பணக் கணக்கு: சட்டப்படி முதல் தடவை 1000 முதல் 5000 வரை அபராதம், அல்லது 6 மாதம் முதல் ஓர் ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. முந்தைய குற்றத்திலிருந்து மூன்று வருடத்துக்குள் அதே மாதிரி மறுபடி சிக்கினால் 10,000, அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தமிழ்நாட்டில் ஸ்பாட்டில் சமரசமாக வசூலிக்கும் தொகையை 2022 அக்டோபரில் அரசாணை போட்டு 1000, 10,000 என்று நிர்ணயித்தார்கள். அந்த எஸ்.ஐ. சொன்னது சரி. கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டு முடித்துக்கொண்டதாக அர்த்தம், கட்டிய பிறகு கோர்ட்டுக்குப் போக வழியில்லை. அதனால் யோசித்து முடிவெடுங்கள், ஆனால் என்னிடம் கேட்டால் கட்டிவிடுங்கள் என்பேன்.

பணத்தைவிட நீங்கள் பயப்பட வேண்டியது லைசென்ஸுக்கு. 184-இல் சிக்கினால் போலீஸ் லைசென்ஸை வாங்கி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பலாம், அதற்கு 206-ஆவது பிரிவில் அதிகாரம் உண்டு. சாலைப் பாதுகாப்புக்கு உச்ச நீதிமன்றம் அமைத்த குழு, போனில் பேசிக்கொண்டு ஓட்டினால் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்தி வைக்கச் சொல்லி 2015-லேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. உங்களை 1000 ரூபாயோடு விட்டார் என்றால் அது அன்றைக்கு உங்கள் நல்ல நேரம்.

(சும்மா ஒரு தகவல்: மூலச் சட்டம் 1988-இல் வந்தது. இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பே 1995 ஜூலை 31-இல்தான், கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு டெல்லியில் மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமைக் கூப்பிட்டது. 184-ஐ எழுதினவர்களின் கனவில்கூட உங்கள் ஹெல்மெட் வந்திருக்காது.)

இரவு_டெலிவரி:

வக்கீல் சார், எனக்கும் ஒன்று சொல்லுங்க. எங்கள் வேலையே போனில்தான். ஹேண்டில்பாரில் ஸ்டாண்டு மாட்டி மேப் போட்டுத்தான் ஓட்டுகிறேன். ஆர்டர் வந்தால் மணி அடிக்கும், சில விநாடிக்குள் தொடவில்லை என்றால் வேறு ஆளுக்குப் போய்விடும். அப்புறம் கஸ்டமர் போன், "எங்க வர்றீங்க?" வந்துகொண்டுதான் இருக்கிறேன் என்று சொல்வதற்கும் போனைத்தான் எடுக்க வேண்டும். மழை வந்தால் இன்னும் மோசம், பிளாஸ்டிக் கவர் போட்டால் விரல் படாது, கவரைக் கழற்றினால் தண்ணீர்த் துளியே தானாக எதையாவது தொட்டுத் தொலைக்கும், மேப் எங்கேயோ திருச்சிக்குப் போய் நிற்கும். ஒரு கையால் துடைத்துக்கொண்டே ஓட்டுகிறோம். இதெல்லாமும் 10,000 கணக்கில் வருமா?

கருப்புக்கோட்டு:

தம்பி, மேப்புக்கு அனுமதி உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 21-ஆவது விதியை மாற்றி, 2020 அக்டோபர் 1 முதல் வழி பார்ப்பதற்கு மட்டும் போனைப் பயன்படுத்தலாம், அதுவும் ஓட்டுநரின் கவனம் சிதறாத விதத்தில், என்று சேர்த்தார்கள். 'மட்டும்' என்ற சொல்லைக் கவனி. ஸ்டாண்டில் இருக்கிற மேப்பைப் பார்த்துப் போனால் சரி. ஆர்டரை ஏற்கத் தட்டுவது, கஸ்டமரிடம் பேசுவது எல்லாம் அந்தச் சலுகைக்கு வெளியே. ஓரமாக நிறுத்திவிட்டுத் தட்டு. அதனால் போகிற ஆர்டருக்குச் சட்டத்தில் பதில் இல்லை, அது உன் கம்பெனி மணியை எத்தனை விநாடிக்கு வைத்திருக்கிறது என்பதில் இருக்கிறது, அவர்களுக்கு யாரும் சலான் போடுவதில்லை.

வெம்பிளி_தம்பி (லண்டன்):

கேள்வி கேட்ட அண்ணைக்கு, உங்களைப் போலவே சொல்லைப் பிடித்து வாதாடி இங்கே ஒரு ஆள் வென்றவர். போகிற வழியில் ஒரு விபத்தைக் காரில் இருந்தபடியே போனில் வீடியோ எடுத்திருக்கிறார். சட்டம் அப்போது தடுத்தது ஆட்களோடு தொடர்பாடலுக்குப் போனைப் பாவிப்பதை, வீடியோ எடுப்பது தொடர்பாடல் இல்லை என்று 2019-இல் ஹைகோர்ட் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சந்தோசப்படாதீர்கள், முழுக்கதையையும் கேளுங்கள். அந்த ஓட்டையை 2022 மார்ச் 25-ஆம் திகதி அடைத்துவிட்டார்கள். இப்போது ஓடும்போது போனைக் கையில் எடுத்தால் படம் எடுத்தாலும் சரி, பாட்டு மாற்றினாலும் சரி, நேரம் பார்த்தாலும் சரி, 200 பவுண்ஸ் அபராதம், லைசென்ஸில் 6 தண்டனைப் பொயிண்ட். சிக்னலில் நின்றாலும் ஓடுவதாகத்தான் கணக்கு. நின்றபடி ட்ரைவ் த்ரூவில் சாப்பாட்டுக்குப் போனால் காசு கட்டலாம், அவசரமென்றால், நிற்பாட்ட வழியில்லாத நேரம் 999-க்கு எடுக்கலாம்.

லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடத்துக்குள் 6 பொயிண்ட் வந்தால் லைசென்ஸே போய்விடும். என்னோடு வேலை செய்த ஒரு பொடியனுக்கு அப்படித்தான் போனது, அம்மா எடுத்த கோலுக்கு "பிறகு எடுக்கிறன்" என்று சொல்லிவிட்டு வைத்தவன், அவ்வளவுதான் கதைத்தது. திரும்ப எல் போர்டு மாட்டி, எழுத்துச் சோதனையில் இருந்து தொடங்கினான்.

உடன்பயணி:

வரிசையில் நிற்கச் சொன்னீர்கள், நின்றுகொண்டுதான் இருந்தேன், இப்போது என் முறை.

எங்கள் வீட்டுக்காரருக்கும் இதே பழக்கம்தான். பில்லியனில் உட்கார்ந்து பார்க்கிறவளுக்குத்தான் தெரியும் அது என்ன கூத்து என்று. போனைச் செருகினால் ஹெல்மெட் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், தாடைக்குக் கீழே வார் எட்டாது, அதனால் மாட்டாமல் தொங்கவிடுவார். அதாவது போட்டிருந்தும் போடாத ஹெல்மெட். ஒரு காது அடைபட்டுப் போகும், வலது பக்கம் பஸ் ஹாரன் அடித்தால் எனக்குத்தான் கேட்கும், அவருக்கு இல்லை. போன வருடம் ஒரு வேகத்தடையில் வண்டி குலுங்கியதும் போன் வழுக்கிக் கன்னத்துக்கு இறங்கியது. அதைப் பிடிக்க இடது கை தானாக மேலே போய்விட்டது, கிளட்ச் விட்டது, வண்டி ஒரு உதறு உதறி அப்படியே ஆஃப். பின்னால் வந்த ஆட்டோ ஒரு முழம் தள்ளி நின்றது. எங்களுக்கு ஒரு சிராய்ப்பும் இல்லை. போன்தான் ஆட்டோவின் முன்சக்கரத்தடியில்.

நான் சொல்வது என்னவென்றால், கை ஹேண்டில்பாரில் இருந்தது என்பதெல்லாம் அடுத்த பள்ளம் வரைக்கும்தான். 40 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு 11 மீட்டர் போகிறோம், போன் நழுவுகிறதே என்று இரண்டு விநாடி தடுமாறினால் 22 மீட்டர், இரண்டு பஸ் நீளம். மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கையில் 2022-இல் போன் பயன்படுத்தியதால் இறந்தவர்கள் என்று 3,395 பேரைப் போட்டிருக்கிறார்கள். செத்தவர் கடைசி நொடியில் போன் பேசினாரா என்று நம் ஊரில் எத்தனை எஃப்.ஐ.ஆரில் எழுதுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும், நிஜக் கணக்கு இதைவிட அதிகம் என்றுதான் நான் நினைக்கிறேன். கார்க்காரரின் ப்ளூடூத்தும் பெரிசாக மேல் இல்லை, போன் பேசிக்கொண்டு ஓட்டினால் விபத்து வாய்ப்பு நாலு மடங்கு, ஹேண்ட்ஸ்ஃப்ரீ என்பதால் அது பெரிதாகக் குறைவதில்லை என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. அதில் உங்கள் கோபம் நியாயம். அதற்காக உங்களை விடச் சொல்வது எப்படி நியாயம்?

அரைப்பெடல்:

எல்லாருக்கும் நன்றி. கைக்குட்டை உதாரணத்துக்கு என்னிடம் பதில் இல்லை, அதனால் நேற்று ராத்திரி 1000 ரூபாயையும் கட்டிவிட்டேன். வார் விஷயம் எனக்கும் அப்படியேதான், இத்தனை நாள் ஹெல்மெட் சைஸ் சின்னது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மணி, உங்கள் வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஒரு சின்னச் சிக்கல். வண்டி இன்னும் மாமனார் பேரில்தான் இருக்கிறது, கல்யாணத்துக்குக் கொடுத்தது, பேர் மாற்றவே இல்லை. சலான் எஸ்.எம்.எஸ். அவருக்குப் போய்விட்டது. இன்று காலை ஆபீஸ் போகிற வழியில் பாக்கெட்டில் போன் அடிக்கிறது, நிற்கிறது, மறுபடி அடிக்கிறது, நாலு தடவை. சரி என்று ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க் மேல் வைத்துவிட்டுக் கூப்பிட்டேன். எடுத்ததும் அவர் கேட்ட முதல் வார்த்தை:

"ஏனுங் மாப்ள, வண்டி ஓட்டிக்கிட்டேவா பேசறீங்க?"