இழை: ஒலிகோகுளோனல் பேண்டுக்குத் தமிழ், நாளைக்குள் வேண்டும்

வைகைக்கரை:
அன்பர்களே, தண்டுவட மரப்பு (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) நோயாளிகளுக்கான கையேடு நாளை மாலை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் சிக்கி நிற்கிறேன். முதுகில் ஊசி போட்டு எடுத்த தண்டுவட நீரையும் அதே சமயம் எடுத்த இரத்தத்தின் சீரத்தையும் (உறைந்தபின் பிரியும் தெளிநீர்) கூழ்ப்படலத்தில் மின்சாரம் செலுத்தி அருகருகே ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். நீரில் மட்டும் இரண்டோ அதற்கு மேலோ கோடு தெரிந்தால், நரம்பு மண்டலத்துக்குள்ளேயே எதிர்ப்பொருள் உண்டாகிறது என்று பொருள். அந்தக் கோடுகளுக்குத் தமிழ்?

முண்ணாண், யாழ்ப்பாணம்:
தம்பி, உம்முடைய தண்டுவட நீர் எங்கள் பாடநூலில் மூளையமுண்ணாண் பாய்பொருள். முள்+நாண், முண்ணாண். எவ்வளவு அழகு! கேட்டதற்கு வருகிறேன்: ஒலிகோ என்றால் சில; குளோன் என்றால் ஒரே கலத்தின் வழித்தோன்றல்கள். ஒருசில பி கலங்கள் (வெண்குழியத்தில் ஒரு வகை) பெருகி விட்ட வழித்தோன்றல்கள்தானே அந்த எதிர்ப்பொருளைச் சுரக்கின்றன? 'சிற்குலப் பட்டை' என்று போடும்.

புணரியல்:
மருத்துவ அறிக்கையிலுமா குலம் கோத்திரம்? வேண்டாம் ஐயா. குளோனுக்குக் கிரேக்க மூலம் சிறுகொம்பு. நம் 'கிளை'யும் கொம்புதான், உறவும்தான். சில்+கிளை, சிற்கிளை. சிற்கிளைப் பட்டை!

செவிலி:
சிற்கிளை என்றால் சின்னக் கிளை. பட்டை என்றால் மரப்பட்டை. படிக்கிறவர் நேரே நாட்டு மருந்துக் கடைக்குப் போவார்.

வைகைக்கரை:
பட்டைக்குப் பதில் கோடு?

புணரியல்:
கோடும் சங்கத் தமிழில் மரக்கிளையே! யானைக் கொம்பும் கோடு, மலையும் கோடு, சங்கும் கோடு, திருச்செங்கோடு...

செவிலி:
செங்கோட்டிலிருந்து இறங்குங்கள் ஐயா. முதல் பக்கத்து 'மரப்பு' எனக்கு உறுத்துகிறது. கைகால் மரத்துப்போவது அறிகுறி. 1868இல் பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ விவரித்தது இறுகிய தழும்புகளை. அவை மூளையிலும் உண்டே, தண்டுவடம் மட்டும் ஏன்?

முண்ணாண்:
மரம்போல் இறுகினால் மரப்பு. அதில் பிழை இல்லை.

செவிலி:
சரி, விடுகிறேன். 'ஒரு மைக்ரோலிட்டர் நீரில் வெண்குழியம் 5க்குள் இருப்பது இயல்பு' என்று யார் திருத்தியது? வெள்ளையணு என்றால்தான் இங்கே புரியும். இந்நோயில் அது சற்றே கூடும், 50ஐத் தாண்டுவது அரிது என்பதையும் சேருங்கள். எண்ணிக்கையைப் பார்த்து மிரண்டுவிடுகிறார்கள்.

முண்ணாண்:
அணு என்றால் அணுகுண்டில் இருப்பது. உயிருள்ளதற்கு ஏன் அந்தப் பெயர்?

வைகைக்கரை:
நேரமில்லை. 'சில கிளைக் கோடுகள்' என்று எழுதி, ஆய்வகச் சீட்டில் ஒலிகோகுளோனல் என்று வரும் என ஒரு வரி சேர்க்கிறேன். மூவர் சரி என்றார்கள். வெள்ளையணு நிற்கட்டும்.

புணரியல்:
சில என்பது கிளைக்கா, கோட்டுக்கா? தொகையை விரித்துப் பாருங்கள்.

முண்ணாண்:
இலங்கைக்கு அச்சிட்டால் வெண்குழியம். அதில் நான் இறங்கி வரமாட்டேன்.