கலைச்சொல்: டாலர் குறியிட்ட சுட்டுக்கு என்ன பெயர்?

அன்பர்களுக்கு வணக்கம்.

வீட்டுச் சமையல் குறிப்புகளை விரிதாளில் (ஸ்ப்ரெட்ஷீட்) ஏற்றுவது பற்றித் தமிழில் ஒரு வழிகாட்டி எழுதி வருகிறேன். நிரை (கிடை வரிசை), நிரல் (நெடு வரிசை), வடிகட்டி எல்லாம் தடையின்றி வந்துவிட்டன. ('செல்' என்பதற்கான 'கலம்' மட்டும் சமையல் பேச்சில் பாத்திரமாகிக் குழப்பியதால் 'சிற்றறை' என்று மாற்றிக்கொண்டேன்.) ஓரிடத்தில் மாட்டிக்கொண்டேன்.

நால்வருக்கான அளவுகளை எழுவருக்கு மாற்ற வேண்டும். ஆள் எண்ணிக்கை எஃப்1 சிற்றறையில் இருக்கிறது. அளவை நான்கால் வகுத்து எஃப்1-ஆல் பெருக்கும் சூத்திரத்தை முதல் பொருளுக்கு எழுதிக் கீழே நகலெடுத்தேன். உப்புக்கு மட்டும் அளவு வந்தது. மற்ற பொருள்கள் அத்தனையும் சுழியம்! சூத்திரம் ஒரு நிரை இறங்கியதும் எஃப்1 என்பது எஃப்2 ஆகிவிட்டது; அங்கே ஒன்றுமில்லை. எஃப்-க்கும் 1-க்கும் முன்னால் டாலர் குறி இட்ட பிறகுதான் சுட்டு (சூத்திரம் இன்னொரு சிற்றறையைக் குறிக்கும் முகவரி) அசையாமல் நின்றது.

இதற்கு முன்பே இரண்டு பெயர்கள் சொல்லப்பட்டன. 'தனிச்சுட்டு' என்றார் ஒருவர். இயற்பியலில் 'அப்சல்யூட் ஜீரோ'வைத் தனிச்சுழி என்பது உண்டுதான். ஆனால் சமைப்பவர் 'தனி' என்றால் ஒற்றை என்றே படிப்பார். 'பூட்டுச்சுட்டு' அதைவிட மோசம். சிற்றறையை யாரும் திருத்தாமல் காப்பதைத்தான் விரிதாளில் பூட்டுதல் என்கிறோம். அது வேறு வேலை.

நான் சொல்வது: டாலர் இல்லாததற்கு நகர்சுட்டு, டாலர் இட்டதற்கு நிலைசுட்டு. 'இந்த வீடு' என்றால் எந்த வீடு என்பது சொல்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. டாலர் இல்லாத சுட்டும் தான் இருக்கும் சிற்றறையிலிருந்தே எண்ணுகிறது. 1979-இல் வெளிவந்த விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருளில் நகலெடுக்கும்போது, ஒவ்வொரு சுட்டும் மாறாததா, சார்ந்ததா என்று மென்பொருளே கேட்கும். 'நிலை' அந்த 'மாறாதது' என்பதற்கு நெருக்கம்.

'நிலைச்சுட்டு' என்று ஒற்று வேண்டாம். வினைத்தொகை இது, 'விரிதாள்' என்பதில் நாம் 'த்' போடுகிறோமா?

---

ஐயா, வணக்கம்.

நிலைசுட்டு எனக்குச் சம்மதம். ஆனால் நீங்கள் கீழ்நோக்கி மட்டும்தானே நகலெடுக்கிறீர்கள்? 1-க்கு முன்னால் ஒரு டாலர் போதும். எழுவருக்கு ஒரு நிரல், பதின்மருக்கு அடுத்த நிரல் என வைத்து எண்ணிக்கையைத் தலை நிரையில் எழுதினால், நிரை நிற்க வேண்டும், நிரல் நகர வேண்டும். பாதி நின்று பாதி நகரும் இதை என்னவென்று அழைப்பது?

---

டாலர் ஒன்று போதும் என்பது சரிதான், திருத்திவிட்டேன்.

'நிரைநிலைசுட்டு', 'நிரல்நிலைசுட்டு' என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். மூன்றாம் தடவை நாக்கு புரண்டு, எது எதுவென்று எனக்கே தெரியவில்லை. இப்போதைக்கு வழிகாட்டியில் 'நிரை மட்டும் நிற்கும் சுட்டு' என்று விரித்தே எழுதுகிறேன். ஒரே சொல் யாருக்காவது தோன்றினால் அனுப்புங்கள்.