புதுப்பிப்பு: நடுவழியில் மயங்கிய ரோபோ ஓடுகிறது

போன வாரம் கேட்டிருந்தேனே, தரையில் போட்ட கறுப்புக் கோட்டைப் பின்தொடரும் ரோபோ இரண்டடி ஓடியதும் நின்று, அதன் மூளையான ஆர்டுயினோ போர்டு தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்று. புரோகிராமில்தான் தப்பு என்று நம்பி மூன்று ராத்திரியை வீணாக்கினேன், அதில் ஒன்றுமே இல்லை. எங்கள் ஊர் அம்மாபேட்டையில் தறி ஓடுவதால் வோல்டேஜ் ஆடுகிறதோ என்று ஒருவர் கேட்டிருந்தார். இது பேட்டரி வண்டிங்க!

நான்கு பென்சில் பேட்டரியின் 6 வோல்ட்டில் மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் எல்298என் டிரைவரே ஏறக்குறைய 2 வோல்ட்டைத் தின்றுவிடும். மல்டிமீட்டரை வைத்துச் சக்கரத்தைக் கையால் அழுத்திப் பிடித்தேன், பேட்டரியே 5.8-லிருந்து சட்டென்று 4.1-க்கு விழுந்தது. போர்டு மயங்காமல் என்ன செய்யும்?

இப்போது இரண்டு 18650 லித்தியம் அயன் செல்களைத் தொடராக இணைத்து 7.4 வோல்ட். கிரவுண்டு ஒயரின் சால்டர் வேறு சாம்பல் பூத்து, தொட்டால் ஆடியது, அதையும் மறுபடி உருக்கி வைத்தேன்.

அப்புறம் புதுத் தொல்லை. சாயங்காலம் நாலு மணிக்கு மட்டும் கோட்டை விட்டுவிட்டுக் கட்டிலுக்கடியில் போகிறது. மேற்கு ஜன்னல் வெயிலில் இருக்கும் அகச்சிவப்பு ஒளியில், அதே வகை ஒளியால் கோட்டைப் பார்க்கும் சென்சாருக்குக் கண் கூசியிருக்கிறது. அம்மாவின் பழைய புடவையைத் திரையாகக் கட்டியிருக்கிறேன், அவருக்கு இன்னும் தெரியாது.