மாமியின் நேர்த்தி, மாமியின் பென்சன், என் நித்திரை

நைட்ஷிப்ட் (ஸ்காபரோ, கனடா), 16 ஜனவரி 2021, காலை 9.40

பெயர் போடாமல் எழுதுகிறேன். ஊர்க்காரர் யாராவது கண்டுபிடித்தால் கண்டுபிடிக்கட்டும்.

மாமிக்கு 79 வயது, மூன்று வருடமாக மறதி நோய். போன மார்ச்சில் கொரோனாவால் முதியோர் பகல் நிலையத்தைப் பூட்டியதிலிருந்து முழுநேரமும் வீட்டில்தான். கணவர் லொறி ஓட்டுகிறார், வாரத்தில் நான்கு நாள் வீதியில். நான் உணவு பொதி செய்யும் இடத்தில் இரவு வேலை. ஐந்து இரவாக இருந்ததை இரண்டாகக் குறைத்துவிட்டேன். அந்த இரண்டு இரவும் மாமியோடு படுப்பது 16 வயது மகள். கணவர் களைத்து வந்து படுத்தால் இடி விழுந்தாலும் எழும்பமாட்டார்.

திருவெம்பாவைக் காலத்தில் மாமி விடிய நாலு மணிக்கு எழும்பிவிடுவார். கோயில் சேமக்கலச் சத்தம் கேட்கிறதாம், பூப்பறிக்க வேண்டுமாம். ஒரு நாள் வாசல் கதவைத் திறந்து வெறுங்காலோடு பனிக்குள் இறங்கிவிட்டார். அன்றிலிருந்து நான் கதவடியில் பாய் போட்டுப் படுக்கிறேன்.

எல்ஹின் (வீட்டுப் பராமரிப்பை ஒழுங்கு செய்யும் மாகாண அரசின் அமைப்பு) மூலம் வாரத்துக்கு நான்கு மணி நேரம் ஆள் வருகிறார். இன்னும் நான்கு மணி நேரம் நாங்களே பிடித்தால் மணிக்கு 30 டொலர், மாதம் 480. அதற்குக் காசில்லை என்கிறார் கணவர். ஆனால் மாமியின் பென்சன் 600 சொச்சத்தில் 450 ஊர் அம்மன் கோயில் திருப்பணிக்குப் போகிறது. டிசம்பரில் ஊரில் புரெவிப் புயல் வெள்ள நிவாரணத்துக்கு இன்னும் 500, அது கிரெடிட் கார்டில்.

கேட்டால், "அது அம்மாவின் காசு, அம்மாவின் நேர்த்தி" என்கிறார். அதுவும் பொய்யில்லை. 95-இல் யாழ்ப்பாணத்தை விட்டுச் சனம் இடம்பெயர்ந்தபோது, நாவற்குழிப் பாலத்தில் சனத்தோடு சனமாக நசிந்து நின்றபோது, பிள்ளைகள் தப்பினால் கோயிலைக் கட்டித் தருகிறேன் என்று மாமி நேர்ந்தவர். குளிர் முடியும் வரை அந்த 450-ஐ மாமிக்கே செலவழித்தால் பாவமா?

வடமராட்சியான், காலை 10.25

தங்கச்சி, கஷ்டம் விளங்குகிறது. ஆனால் கோயிலை நிறுத்துவது என்ற முடிவுக்கு இவ்வளவு சுலபமாக வருவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கோயில் காசு என்றாலே ஐயருக்கும் ஆடம்பரத்துக்கும் போகிறது என்று இங்கே ஒரு நினைப்பு. திருப்பணி என்றால் யார்? மேசன், தச்சர், சிற்பி, பெயின்ட் அடிக்கும் பெடியள். போன வருடம் ஊரடங்கில் அவர்களுக்கு இலங்கை அரசு கொடுத்தது 5,000 ரூபாய். அதை வைத்து எத்தனை நாள் சாப்பிடுவது? திரும்ப வேலை தொடங்கியபோது அவர்களைக் கூப்பிட்டது இந்தக் கோயில்கள்தான். இங்கே உங்களுக்கு ஹெல்த் கார்ட் இருக்கிறது, பென்சன் இருக்கிறது.

பாலஸ்தாபனம் செய்து அம்மனைக் கொட்டிலில் இருத்திவிட்டு நடுவில் கைவிடுவதும் சரியில்லை. வள்ளுவர் ஐந்து பேரை ஓம்பச் சொன்னார்: தென்புலத்தார் (இறந்த முன்னோர்), தெய்வம், விருந்து, ஒக்கல் (சுற்றத்தார்), தான். அதில் ஒக்கலுக்கு முன்னால் நிற்பது தெய்வம்.

பனங்கிழங்கு, காலை 10.41

அண்ணை, உபயகாரர் பெயரைக் கருங்கல்லில் வெட்டித் தூணில் பதிப்பார்கள். கதவடியில் பாய் போட்டுப் படுத்தவரின் பெயரை எந்தத் தூணில் வெட்டுவது?

இன்னொரு கேள்வி, நைட்ஷிப்ட். கணவருக்கு சகோதரங்கள் இல்லையா?

நைட்ஷிப்ட், காலை 10.50

லண்டனில் ஒரு தமையன். கேட்டோம். வசந்த மண்டபத்தில் ஏற்கனவே தன் பெயரில் ஒரு தூண் இருக்கிறதாம்.

பனங்கிழங்கு, காலை 10.52

பார்த்தீர்களா, தூண்!

ரீட்டா, முற்பகல் 11.30

நான் வேதக்காரி, கோயில் விஷயத்தில் எனக்கென்ன என்று நினைக்க வேண்டாம். நான் செய்வதே இந்த வேலைதான், வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பராமரிப்பது.

இயேசு பரிசேயரைக் கண்டித்த ஒரு இடம் மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் வருகிறது. தாய் தகப்பனுக்குச் சேர வேண்டியதை "கொர்பான்", அதாவது கடவுளுக்குக் கொடுத்தாயிற்று என்று சொல்லிவிட்டால் பிறகு பெற்றோரைப் பார்க்கத் தேவையில்லை என்று ஒரு வழி வைத்திருந்தார்கள். சம்பிரதாயத்தைக் காட்டிக் கடவுளின் கட்டளையை அவமாக்குகிறீர்கள் என்றார். நேற்று நடந்த விஷயம் மாதிரி இருக்கிறது.

ஆனால் நைட்ஷிப்ட், ஆள் பிடிப்பதிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. நான் ஒரு நாளில் ஐந்து வீடு ஏறி இறங்குகிறேன். பராமரிப்பு இல்லங்களில் வேலை செய்பவர்களுக்குக் கொரோனா ஊசி தொடங்கிவிட்டது, வீடுகளுக்குப் போகும் எங்களில் பலருக்கு இன்னும் இல்லை. பிடித்தால் ஒரே ஆளாகப் பிடியுங்கள், வாரம் ஒரு முகம் வேண்டாம். மறதி உள்ளவருக்கும் அதுதான் நல்லது.

வடமராட்சியான், முற்பகல் 11.48

ரீட்டா அக்கா, உங்கள் உதாரணம் பொருந்தாது. அங்கே மகன் தாயின் பங்கை எடுத்து நேர்கிறான். இங்கே நேர்ந்தவரே தாய், காசும் அவருடையது. ஒரு மனுசி உயிர் போகிற நேரத்தில் சொன்ன வார்த்தை, அவருக்கு ஞாபகம் இல்லை என்பதற்காகச் செல்லாமல் போகுமா? புத்தி தெளிவாக இருந்தபோது அவர் விரும்பியது எது என்று பார்ப்பதுதான் மரியாதை.

ரீட்டா, மதியம் 12.05

நல்ல கேள்விதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புத்தி தெளிவாக இருந்த அதே மனுசியிடம், "உங்கள் நேர்த்திக்காக மருமகள் பத்து மாதம் நித்திரை கொள்ளாமல் இருக்க வேண்டும், பேத்தி பள்ளிக்கூட நாளில் இராவிராவாய் முழித்திருக்க வேண்டும், சரியா?" என்று கேட்டிருந்தால்? நேர்ந்ததே பிள்ளைகளுக்காக அல்லவா.

புத்தளத்தான், மதியம் 12.40

நான் இரண்டு பக்கமும் இல்லை.

எங்கள் இஸ்லாம் மார்க்கத்தில் ஸகாத்தை, அதாவது கட்டாய தருமத்தை, பெற்றோருக்குக் கொடுக்க முடியாது. தம்பி தங்கைக்குத் தேவை இருந்தால் கொடுக்கலாம், தாய் தகப்பனுக்கு முடியாது. காரணம் எளிது: அவர்களைப் பார்ப்பது ஏற்கனவே உன் கடமை, கடமையைத் தருமக் கணக்கில் எழுதாதே. அதனால் கோயிலா மாமியா என்று இரண்டையும் ஒரே தராசில் வைத்ததே பிழை என்பேன். மாமியின் சோறு, மருந்து, காவல் முதலில் கழிய வேண்டும். மிச்சத்தில்தான் தருமம்.

ஆனால் அந்த 500-ஐக் கோயில் காசோடு சேர்த்துப் பேசியது எனக்குச் சுட்டது. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பம் நாங்கள். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்தவன். யாரோ முன்பின் தெரியாத ஒருவர் தன் வீட்டுச் செலவைச் சுருக்கியதால்தான் எங்கள் பானையில் அரிசி வந்தது. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்று எல்லோரும் இருந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

பனங்கிழங்கு, மதியம் 12.58

கடமை கழிந்து மிச்சத்தில் தருமம் என்கிறீர்கள், அடுத்த பந்தியில் மிஞ்சாமலும் கொடு என்கிறீர்கள். எதை எடுப்பது?

புத்தளத்தான், மதியம் 1.10

இரண்டையும். வெள்ளம் ஒரு முறை வந்து போகிறது, அதற்கு வயிற்றைக் கட்டலாம். மாதாமாதம் போகும் காசுக்கு மாதாமாதம் கணக்குப் பார்க்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை, மதியம் 1.35

எல்லோரும் வேதம் பேசுகிறீர்கள், ஒருவரும் விண்ணப்பப் படிவம் பேசவில்லை.

நைட்ஷிப்ட், செப்டம்பர் கடைசியிலிருந்து மத்திய அரசின் பராமரிப்பாளர் உதவித்தொகை ஒன்று இருக்கிறது, சீஆர்சீபீ. கொரோனாவால் நிலையம் பூட்டியதால் வீட்டில் ஒருவரைப் பார்க்க வேண்டி வந்து, உங்கள் வழமையான வேலை வாரத்தில் பாதியாவது வேலைக்குப் போக முடியாமல் போனால் கேட்கலாம். வாரம் 500, வரி பிடித்து 450 கைக்கு வரும். ஒரு வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு ஒருவர்தான். 2019-இலோ 2020-இலோ 5,000 டொலர் உழைத்திருக்க வேண்டும். ஐந்து இரவில் மூன்றை விட்டுவிட்டீர்கள், பாதிக்கு மேல். கணவர் கோயிலுக்கு மாதம் அனுப்புவதை நீங்கள் வாரம் ஒருமுறை விட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

அப்புறம், உண்டியலில் (வங்கி இல்லாமல் ஆள் மூலம் அனுப்பும் வழியில்) ஊர்க்கோயிலுக்குப் போன காசுக்கு இங்கே வரிக்கழிவு கிடையாது. கனடாவில் பதிவான தரும அமைப்பின் ரசீது இருந்தால்தான் கிடைக்கும். வெள்ளத்துக்குக் கொடுத்த 500-க்கு ரசீது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

நைட்ஷிப்ட், மாலை 4.15

இப்போதுதான் பார்த்தேன். மாமியைக் குளிக்க வார்த்து, சாப்பாடு தீத்தி, இரண்டு தரம் வாசலிலிருந்து கூட்டி வந்தேன்.

கணக்குப்பிள்ளை, நன்றி. எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. பிள்ளை பார்ப்பவர்களுக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன்.

புத்தளத்தான் அண்ணா, 500-ஐ நான் குறையாகச் சொல்லவில்லை, ஆனால் அப்படித்தான் எழுதிவிட்டேன். அந்த வெள்ளப் படங்களை நானும் பார்த்தேன். அதைத் திரும்பக் கேட்கப் போவதில்லை.

வடமராட்சியான் அண்ணை, தெய்வம் முன்னால் நிற்கிறது, சரி. "தான்" கடைசியில் நிற்கிறது. ஆனால் அதே வரியில்தான் நிற்கிறது. அதை உங்கள் பட்டியலில் வாசித்துவிட்டு ஒரு சொல்லும் சொல்லாமல் போய்விட்டீர்கள்.

மாமி இன்னும் கும்பாபிஷேகத்தை மறக்கவில்லை. "முடிஞ்சுதா?" என்று கேட்பார். முதலில் "இல்லை மாமி, அடுத்த வருடம்" என்பேன், அழுவார். இப்போது "முடிஞ்சுது, நல்ல சனம், உங்கள் பெயரும் வாசித்தார்கள்" என்கிறேன். கையெடுத்துக் கும்பிடுவார். பத்து நிமிடத்தில் திரும்பக் கேட்பார். ஒரு நாளைக்கு ஐந்து ஆறு கும்பாபிஷேகம் செய்து வைக்கிறேன். இது பொய் என்று இவருக்குக் கோபம்.

வடமராட்சியான், மாலை 5.02

"தான்" விட்டுப்போனது என் பிழை.

மாமியின் காசை மாமிக்குச் செலவழிக்க வேண்டாம் என்று இனி வாதாட மாட்டேன். ஒன்று மட்டும்: சத்தமில்லாமல் நிறுத்தாதீர்கள். திருப்பணிச் சபைக்கு எடுத்துச் சொல்லுங்கள், இன்ன மாதம் வரை தர முடியாது, வீட்டில் இப்படி என்று. வருகிற காசை நம்பி ஆளைக் கூப்பிட்டுவிட்டுக் கூலி கொடுக்க முடியாமல் நின்ற சபையில் நான் இருந்திருக்கிறேன். மேசன் வந்து வாசலில் நிற்பார், ஒன்றும் பேசமாட்டார்.

நைட்ஷிப்ட், மாலை 5.20

அதைச் சொல்ல வேண்டியவர் இவர். ஊருக்கு எடுத்து "எங்களால் முடியவில்லை" என்று சொல்ல வெட்கம். கொடுப்பதை நிறுத்தச் சம்மதித்தாலும் சொல்லச் சம்மதிக்கமாட்டார். தைப்பொங்கலன்றே "வீட்டிலேயே இருங்கள்" என்று உத்தரவு வந்துவிட்டது, கோயிலுக்குள்ளும் பத்துப் பேர்தான். வெளியே போய் யோசிக்கவும் இவருக்கு இடமில்லை.

இன்றிரவு நான் வேலைக்கு. மகளை மேலே படுக்கச் சொல்லிவிட்டேன். கதவடியில் பாயை இவருக்கு விரித்திருக்கிறேன். பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

மாமி எழும்பிவிட்டார். பிறகு வருகிறேன்.