99 சதவீதம் ஓட்டுப் போட்டவர்கள் ஒன்பது மாதம்கூட நிற்கவில்லையா?

கேள்வி:
டேனோன் விவகாரத்தைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பிரான்ஸில் தயிரும் எவியான் தண்ணீரும் விற்கிற கம்பெனி. லாபத்தோடு சமூக, சுற்றுச்சூழல் கடமைகளையும் சாசனத்திலேயே எழுதிக்கொள்ளலாமா என்று 2020 ஜூனில் பங்குதாரர்களிடம் கேட்டபோது 99 சதவீத ஓட்டு ஆதரவாக விழுந்தது. 2021 மார்ச்சில் பார்த்தால், அதை முன்னின்று நடத்திய தலைவர் எம்மானுவேல் ஃபாபேரையே அனுப்பிவிட்டார்கள். அப்படியென்றால் அந்த ஓட்டுக்கு என்ன மதிப்பு? இந்த மாதிரி கம்பெனிகளில்தான் பணம் போட வேண்டும் என்று இருந்தேன்.

பதில் 1:
அனுப்பியது நிர்வாகக் குழு, பங்குதாரர் கூட்டம் இல்லை. ஆனால் டேனோன் பங்கு வைத்திருந்த புளூபெல், ஆர்ட்டிசன் என்ற இரண்டு முதலீட்டு ஃபண்டுகள் கொடுத்த நெருக்கடி பின்னால் இருந்தது உண்மை. கோவிட்டில் ஓட்டல்கள் மூடியதும் பாட்டில் தண்ணீர் விற்பனை அடிவாங்கியது, பங்கு விலையோ நெஸ்லே, யூனிலீவரை விடப் பின்தங்கியே கிடந்தது, 2020 நவம்பரில் 2,000 பேர் வரை வேலை போகும் என்ற அறிவிப்பு வேறு. அவர் போன பிறகும் சாசனம் அப்படியேதான் இருக்கிறது, அதனால் பசுமையைப் பிடிக்காமல் அனுப்பினார்கள் என்று நான் நினைக்கவில்லை.

பதில் 2:
லாபத்தையும் பசுமையையும் அவ்வளவு சுலபமாகப் பிரித்துவிட முடியாது. பிரிட்டிஷ் எண்ணெய்க் கம்பெனி பிபி 2020 ஆகஸ்டில் டிவிடெண்டை (பங்குதாரர்களுக்குக் கொடுக்கும் லாபப் பங்கை) பாதியாக வெட்டி, 2030க்குள் எண்ணெய், எரிவாயு உற்பத்தியை 40 சதவீதம் குறைப்போம் என்று அதே நாளில் சொன்னது. அன்றைக்குப் பங்கு விலை ஏறத்தான் செய்தது! அப்புறம் 2022இல் எண்ணெய் விலை எகிறியதும் பேச்சு மாறியது. 2023இல் 40 என்பது 25 ஆனது, எலியட் என்ற ஃபண்டு பங்கு வாங்கி உள்ளே வந்த பிறகு 2025 பிப்ரவரியில் எண்ணெய்க்கே அதிகப் பணம் என்று திரும்பிவிட்டார்கள். பக்கத்துக் கம்பெனிக்காரன் சம்பாதிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் இவர்களுக்கு முடியாத காரியம்.

கேட்டவர்:
சரி, புரிகிறது. அப்படியானால் நான் ஓட்டுக் கணக்கைப் பார்த்தது தப்பு, பங்குதாரர்கள் நீண்டகாலம் நிற்பவர்களா என்றுதான் பார்த்திருக்க வேண்டும். யார் எத்தனை வருடமாகப் பங்கை வைத்திருக்கிறார்கள் என்று எங்கே பார்ப்பது?

பதில் 1:
ஆண்டறிக்கையில் பெரிய பங்குதாரர்கள் பட்டியல் இருக்கும், நாலைந்து வருட அறிக்கைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். பிரான்ஸில் இன்னொன்றும் உண்டு: தன் பெயரில் பதிவு செய்த பங்கை இரண்டு வருடம் விற்காமல் வைத்திருந்தால், சாசனம் தடுக்காத வரை, ஒரு பங்குக்கு இரண்டு ஓட்டு.