டிஏபி போட்டும் மக்காச்சோளம் ஊதா ஆகிறது, பாஸ்போபாக்டீரியா பாக்கெட் வெறும் ஏமாற்றா?

கெங்கவல்லி சோளக்காடு:
வணக்கம். கெங்கவல்லி பக்கம் இரண்டரை ஏக்கர், கிணற்றுப் பாசனம். மண்வெட்டி போட்டால் சுக்காங்கல் (சுண்ணாம்புக் கல்) தட்டும். மண் பரிசோதனை அட்டையில் கார அமில நிலை 8.3, மணிச்சத்து (பாஸ்பரஸ்) ஹெக்டேருக்கு 9 கிலோ, பக்கத்தில் 'குறைவு' என்று இருக்கிறது. அப்பா விதைப்புக்கு முன்னால் ஏக்கருக்கு ஒரு மூட்டை டிஏபியை (மணிச்சத்து உள்ள ரசாயன உரம்) தவறாமல் வீசுகிறவர். அட்டையைக் காட்டினேன். "அப்ப இத்தனை வருசமா நான் போட்டதை எலியா தின்னுச்சு?" என்கிறார். எனக்கும் அதே சந்தேகம்தான்.

போன ஆடிப்பட்டத்தில், மண்ணில் இருக்கிற மணிச்சத்தைக் கரைத்துத் தரும் என்று சொல்கிற பாக்டீரியா உரம், பாஸ்போபாக்டீரியா, பத்து பாக்கெட் வாங்கினேன். கொஞ்சம் விதையில் தடவினேன், மிச்சத்தை டிஏபியோடு கலந்து வீசினேன். இருபதாம் நாள் பார்த்தால் இலை ஓரமெல்லாம் வழக்கம்போல கத்தரிப்பூ நிறம், மணிச்சத்து பற்றாததன் அடையாளம். அப்பா முகத்தில் ஒரே சிரிப்பு. பாக்கெட் ஏமாற்றா, நான் போட்டது தப்பா?

வாழப்பாடி அக்கா:
தம்பி, எலி தின்னவில்லை. டிஏபி கரைந்ததும் உங்கள் மண்ணில் இருக்கிற சுண்ணாம்பு அதைப் பிடித்துக் கெட்டியாக்கி வைத்துக்கொள்கிறது. அட்டை காட்டுவது மொத்த மணிச்சத்தை இல்லை, வேருக்குக் கிடைக்கக்கூடியதை மட்டும். அடகுக் கடையில் இருக்கிற நகை மாதிரி, உங்களுடையதுதான், ஆனால் கழுத்தில் போட முடியாது.

பாக்கெட்டில் இருக்கிற பேசில்லஸ் என்கிற பாக்டீரியா அதை மீட்கிற ஆள். அது விடுகிற கரிம அமிலத்தில் அந்தச் சுண்ணாம்புக் கட்டு கரைகிறது. அது புதிதாக மணிச்சத்து எதையும் கொண்டுவராது. இதைத்தான் கடையில் யாரும் சொல்வதில்லை.

சரி, பாக்கெட்டை எங்கே வைத்திருந்தீர்கள்? நான் முதல் வருசம் மோட்டார் ரூமில் வைத்தேன். தகரக் கூரை, சித்திரை வெயில். ஒரு மாசம் கழித்து நான் வயலில் போட்டது பாக்டீரியா செத்துப்போன வெறும் கரித்தூள். சட்டப்படி ஒரு கிராமில் 5 கோடி உயிர் இருக்க வேண்டும். நம்மிடம் வந்தபிறகு எத்தனை மிஞ்சுகிறது என்பது நாம் வைக்கிற இடத்தைப் பொறுத்தது. தேதியையும் பாருங்கள், தூள் பாக்கெட் ஆறு மாசம்தான் தாங்கும்.

அப்புறம், வீரிய ரக விதை சிவப்புச் சாயத்தோடு வருகிறதே, அது மருந்து. அதன்மேல் பாக்டீரியாவைத் தடவினால் எது பிழைக்கும்? நான் விதையில் தடவுவதையே விட்டுவிட்டேன். ஏக்கருக்கு 200 கிராம் பாக்கெட் நாலு, நன்றாக மக்கிய தொழு உரம் 10 கிலோ, மண் 10 கிலோ. சாயங்காலம், ஈரம் இருக்கும்போது பாரில் தூவி மூடிவிடுவேன். டிஏபியோடு ஒரே கூடையில் கலப்பது கூடவே கூடாது. டிஏபியை வீசவும் வேண்டாம். விதைக்குப் பக்கத்தில் கொஞ்சம் ஆழத்தில் வரிசையாக வையுங்கள், சுண்ணாம்பின் பிடியில் சிக்குவது குறையும்.

மேட்டூர் கால்வாய்:
நாலு நாள் தண்ணீர் நின்றாலும் இளம்பயிர் ஊதா ஆகும். அதையும் பாருங்கள்.

ஏற்காடு மிளகுக்கொடி:
எங்கள் கதை தலைகீழ். மலையில் மண் புளிப்பு, அதனால் மணிச்சத்தைப் பிடித்து வைப்பது இரும்பும் அலுமினியமும். காப்பிக்கு டிஏபிக்குப் பதிலாக ராக் பாஸ்பேட்டே (மணிச்சத்து உள்ள பாறைத் தூள்) போடலாம், புளிப்பு மண் அதை மெல்லக் கரைக்கும். நாற்றுப் பையில் வேரோடு சேர்ந்து வாழும் வேம் (VAM) பூஞ்சணமும் வைக்கிறேன். மணிச்சத்து மண்ணில் நகர்வது சில மில்லிமீட்டர்தான். வேர் எட்டாத இடத்துக்குப் பூஞ்சண இழை போய் எடுத்துவரும். ஒரு தடவை அந்தப் பைகளுக்குப் பூஞ்சணக்கொல்லி ஊற்றிக் கெடுத்தேன். பூஞ்சணத்தை வைத்துவிட்டுப் பூஞ்சணக்கொல்லி ஊற்றிய புத்திசாலி நான்தான்.

கெங்கவல்லி சோளக்காடு:
அக்கா, மோட்டார் ரூமேதான்! தகரமும்தான். இந்த முறை டிஏபியை நிறுத்திவிடலாமா?

வாழப்பாடி அக்கா:
வேண்டாம், 9 கிலோ என்பது ரொம்பக் குறைவு. கால் பங்கு மட்டும் குறையுங்கள். ஒரு ஓரத்தில் எட்டு வரிசைக்குப் பாக்கெட் போடாமல் விட்டு, கதிரைத் தனியாக எடை போடுங்கள். அப்பாவையே எடை போடச் சொல்லுங்கள்.

கெங்கவல்லி சோளக்காடு:
எட்டு வரிசை தன் கணக்கில் என்று இப்போதே சொல்லிவிட்டார். அதில் முழு மூட்டைக் கணக்குப்படி டிஏபி போடுவாராம்.