சிங்க், கழிப்பறை அடைப்பு: கண்டதும் கையாண்டதும்

அடைப்பு என்றதும் ஆசிட் பாட்டிலைத் தேடாமல் முதலில் ஐந்து நிமிடம் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். ஒரே ஒரு சிங்க் மட்டும் தேங்கினால், அடைப்பு அதன் டிராப்பிலோ (சிங்க்குக்கு அடியில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்கும் பகுதி) அதை ஒட்டிய ஓரிரு மீட்டர் குழாயிலோ இருக்கும். வாஷிங் மெஷின் தண்ணீரைக் கக்கும்போது குளியலறைத் தரை நிறைகிறது, பிளஷ் செய்தால் நஹானி டிராப்பில் (குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் வாய்) குமிழி வருகிறது என்றால் கோளாறு பொதுக் குழாயில். எதிர்த்து வரும் தண்ணீர் வீட்டிலேயே தாழ்வான வாய் எதுவோ அதன் வழியாகத்தான் வரும். அது வந்த இடத்தைக் குடைந்து பயனில்லை.

அடுத்தது வெளிச் சேம்பர், அதாவது வீட்டுக்கு வெளியே கழிவுக் குழாய்கள் வந்து சேரும் மூடி போட்ட தொட்டி. மூடியைத் தூக்குங்கள். உள்ளே தண்ணீர் நிறைந்து நின்றால் அடைப்பு அதைத் தாண்டி இருக்கிறது. காலியாக இருந்தால் வீட்டுக்கும் சேம்பருக்கும் நடுவே. வரிசையாக மூன்று நான்கு சேம்பர் உள்ள இடத்தில், நிறைந்தவற்றில் கடைசிக்கும் அடுத்த காலிச் சேம்பருக்கும் இடைப்பட்ட குழாய்தான் குற்றவாளி. அது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இதைப் பார்க்கும்வரை மாடியில் இருப்பவர்களும் தண்ணீர் விடக்கூடாது. சொல்லிவைக்க மறந்துவிடுகிறார்கள், தரைத்தளம் நாறிவிடுகிறது.

* * *

கம்மோடு பற்றி. தண்ணீர் விளிம்பை நோக்கி ஏறும்போது மறுபடி பிளஷை அமுக்குவதுதான் பெரிய தவறு. வழக்கமான முழு பிளஷ் 6 லிட்டர், அதற்குப் போக வழியில்லை. டேங்க் மூடியைத் திறந்து, அடியில் உள்ள ரப்பர் வால்வைக் கையால் அமுக்கி மூடுங்கள். பிறகு ஆங்கிள் காக்கை (டேங்க்குக்குத் தண்ணீர் வரும் சுவர் வால்வு) வலப்புறமாகத் திருகி அடையுங்கள். பதினைந்து இருபது நிமிடம் விட்டால் மட்டம் மெல்ல இறங்கலாம். இறங்காவிட்டால் மக்கால் கொஞ்சம் மொண்டு எடுங்கள். முழுக்க மொண்டுவிடாதீர்கள், பிளஞ்சரின் (கட்டையின் நுனியில் ரப்பர்க் கிண்ணம் உள்ள கருவி) ரப்பர் மூழ்கும் அளவு தண்ணீர் தேவை. ரப்பருக்குள் காற்று இருந்தால் அது நசுங்கும், அழுத்தம் அடைப்பைத் தொடாது. தண்ணீர் நசுங்காது.

பிளஞ்சரிலும் இரண்டு வகை. தட்டையான கிண்ணம் சிங்குக்கும் தரைக்கும். கம்மோடுக்கு, கிண்ணத்தின் அடியில் இன்னொரு ரப்பர்க் கழுத்து நீண்டிருக்கும் வகை வேண்டும், அது ஓட்டைக்குள் உட்காரும். முதல் அமுக்கு மெதுவாக, உள்ளே உள்ள காற்று வெளியேறட்டும். வேகமாகக் குத்தினால் முகத்தில் தெறிக்கும். பிறகு பிடி விடாமல் 15 முதல் 20 தடவை, அமுக்குவதை விட இழுப்பதில் பலம் கொடுங்கள். அடைப்பை அசைத்துத் தளர்த்துவது அந்த இழுப்புதான்.

"களக்" என்று தண்ணீர் இறங்கியதும் பிளஷை நம்பாதீர்கள். வாளியில் தண்ணீர் எடுத்து, முழங்கால் உயரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பாருங்கள், ஏறினால் நிறுத்திக்கொள்ளலாம். சீராகப் போனால் மிச்சத்தை ஒரே வீச்சில் ஊற்றுங்கள், ஒட்டியிருப்பதும் போகும்.

* * *

மேலே சொன்னது மலம், காகிதம் மாதிரி கரையும் பொருளுக்குச் சரி. குழந்தையின் பொம்மை, பிரஷ், சோப்பு டப்பா மூடி விழுந்திருந்தால் பிளஞ்சர் தொடவே கூடாது. இன்னும் உள்ளே போய் வளைவில் இறுகிக்கொள்ளும். அதற்கு ஒரு மீட்டர் நீளமுள்ள, கைப்பிடியோடு வரும் கம்மோடு ஸ்பிரிங் கம்பி. அதன் வளைவில் ரப்பர் உறை இருக்கும், அது இல்லாத வெறும் கம்பி பீங்கானில் கறுப்புக் கோடு போட்டுவிடும். நுனிக் கொக்கி மாட்டியதும் சுற்றுவதை நிறுத்தி வெளியே இழுங்கள். அதிலும் வராவிட்டால் கம்மோடைக் கழற்றித் தலைகீழாக்குவது ஒன்றுதான் வழி. திரும்ப வைக்கும்போது அடியிலுள்ள சீலைப் புதிதாகப் போடுங்கள், பழையது நிச்சயம் கசியும்.

இந்தியன் டாய்லெட்டில் கழுத்துள்ள பிளஞ்சர் சரியாக உட்காராது. நீளக் கட்டையின் நுனியில் பழந்துணியைப் பந்தாகச் சுற்றி, மேலே தடித்த பிளாஸ்டிக் கவர் போட்டு இறுக்கிக் கட்டி, ஓட்டை நிறையும்படி வைத்து ஏற்றி இறக்கினால் அதே வேலை நடக்கும். கட்டு அவிழ்ந்து துணி உள்ளே போனால் அதுவே புதிய அடைப்பு, கயிற்றை இரண்டு முறை சோதியுங்கள்.

வெட் வைப்ஸ், நாப்கின், காது குடையும் பஞ்சு. பாக்கெட்டில் என்ன எழுதியிருந்தாலும் சரி, இவை போக வேண்டிய இடம் குப்பைத்தொட்டி. காகிதம் தண்ணீரில் பிரிந்து கூழாகும். வைப்ஸில் உள்ள இழை பிரியாது, எங்காவது ஒரு பிசிறில் மாட்டி, வருவதை எல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும்.

* * *

வாஷ்பேசினுக்குப் பெரும்பாலும் பிளஞ்சரே வேண்டாம். கீழே வாளியை வைத்து, பாட்டில் டிராப்பின் அடிக்கிண்ணத்தைக் கையால் இடப்புறம் திருகிக் கழற்றுங்கள். ரெஞ்சு போட்டால் பிளாஸ்டிக் மரை போய்விடும். உள்ளே முடி, பற்பசை, சோப்பு மூன்றும் சேர்ந்து சாம்பல் நிறத்தில், விரலால் இழுத்தால் கயிறு போல் நீளும் ஒரு வழவழப்பு இருக்கும். அதுதான் அடைப்பு. கழற்றும்போது வாஷர் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டிய பிறகு சொட்டுவதற்கு வாஷர் திரும்பி உட்கார்ந்ததுதான் காரணமாக இருக்கும்.

பிளஞ்சர் போட்டே ஆக வேண்டுமென்றால், பேசினின் மேல்பக்கம் உள்ள சிறு வழிவு ஓட்டையை ஈரத்துணியால் அடையுங்கள். இரட்டைச் சிங்கில் இன்னொரு வாயை அடையுங்கள். இல்லையென்றால் அழுத்தம் முழுக்க அந்த வழியாகப் போய்விடும்.

சமையலறையில் எதிரி எண்ணெய்தான். சூடாக ஊற்றும்போது தண்ணீராய் ஓடும், இரண்டு மீட்டர் தள்ளிக் குளிர்ந்து குழாயில் மெழுகாய் ஒட்டும். சட்டியைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள், பாதிப் பிரச்சினை இல்லை. ஏற்கெனவே ஒட்டியதற்கு, பாத்திரம் கழுவும் திரவம் அரைக் கப் ஊற்றி, கை பொறுக்கும் சூட்டில் ஒரு வாளித் தண்ணீர். கொதிநீர் வேண்டாம். பிவிசி குழாய் 60 டிகிரிக்கு மேல் தாங்கும்படி செய்யப்பட்டதல்ல, இணைப்புகள் தளரும். பீங்கானும் விரிசல் விடலாம்.

* * *

ரசாயனம் ஊற்றலாமா என்று கேட்பீர்கள். காஸ்டிக் சோடா முடியையும் கொழுப்பையும் அரிக்கும், உண்மை. ஆனால் தேங்கிய தண்ணீரில் கொட்டினால் அடியில் படிந்து கட்டியாகி, இருந்த அடைப்போடு கல்லாகவும் நிற்கும். கரையும்போது கிளம்பும் சூட்டில் பிளாஸ்டிக் வளைவதும் உண்டு. ஆசிட் விட்டால் சேம்பரின் சிமெண்ட் பூச்சு போகும், செப்டிக் டேங்க்கில் மலத்தை மக்க வைக்கும் நுண்ணுயிரும் சாகும்.

ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு. சன்னல் இல்லாத குளியலறையில் அது உயிரை வாங்கும். காஸ்டிக் போட்ட இடத்தில் ஆசிட்டை ஊற்றினால் கொதித்து எகிறும். இவற்றில் எதையாவது ஊற்றிய பிறகு பிளஞ்சர் போடவே போடாதீர்கள், கண்ணில் தெறிக்கும். வேலைக்கு வருபவரிடமும் என்ன ஊற்றினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

சமையல் சோடாவும் வினிகரும்? நுரைப்பது வேடிக்கையாக இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு உப்பும் தண்ணீருமாகிவிடும், அடைப்புக்கு ஒன்றும் ஆகாது.

* * *

மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் அடைத்தால் அது பழக்கக் கோளாறு அல்ல, குழாய்க் கோளாறு. 4 அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு 1 அடி என்பது நல்ல வாட்டம். குறைந்தால் தேங்கும், மிகச் செங்குத்தானால் தண்ணீர் முந்திக்கொண்டு ஓடி, திடப்பொருள் பின்தங்கிக் காயும். அப்படிப்பட்ட குழாயில் 3 லிட்டர் அரை பிளஷை எப்போதும் பயன்படுத்துவதும் காரணமாகும். 90 டிகிரி எல்போவுக்குப் பதிலாக இரண்டு 45 டிகிரி பெண்டு போட்டால் கம்பியும் போகும், கழிவும் போகும்.

அடைப்பே இல்லாமல் தண்ணீர் "கடகட" என்று சத்தமிட்டு மெதுவாகப் போனால், மொட்டை மாடியில் ஏர் பைப்பின் (கழிவுக் குழாய்க்குக் காற்று வந்து போகும் குழாய்) வாயைப் பாருங்கள். பறவைக்கூடு, சருகு. பழைய மண் குழாய் என்றால் இணைப்பில் மரவேர் புகுந்திருக்கும், வெட்டினாலும் திரும்ப வரும், அந்தத் துண்டைத்தான் மாற்ற வேண்டும்.

* * *

இரண்டு சேர்க்கை. செப்டிக் டேங்க்கிலோ ஆழமான சேம்பரிலோ யாரும் இறங்கக் கூடாது, யாரையும் இறக்கவும் கூடாது. உள்ளே உள்ள ஹைட்ரஜன் சல்பைடு முதலில் மூக்கை மரத்துப்போகச் செய்யும். நாற்றம் நின்றுவிட்டது, வாயு போய்விட்டது என்று எண்ணுகிற நேரத்தில்தான் ஆள் சாய்கிறார். லாரி உறிஞ்சட்டும்.

இன்னொன்று, மரையிட்டு ஒன்றோடொன்று கோக்கும் கம்பிகளைச் சேம்பர் வழியாக விடும்போது வலப்புறம் மட்டுமே திருப்புங்கள், வெளியே இழுக்கும்போதும் வலப்புறமே. இடப்புறம் திருப்பினால் நடுவில் மரை கழன்று, நுனித் துண்டு குழாய்க்குள்ளேயே தங்கிவிடும்.